ஜாக்கி தூக்கும், தாங்காது: பஞ்சரான டயரின் நூறு வருஷக் கதை

(இது ஒலி வடிவில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு உங்க கார் டிக்கியில, மேட்டுக்கு அடியில கிடக்குற ஒரு சாமானைப் பத்திப் பேசப்போறோம். கார் வாங்கின நாள்ல இருந்து அதை ஒரு தடவைகூட வெளியில எடுத்துப் பார்க்காதவங்க நம்மில் நிறைய பேர். ஜாக்கி.

சாரத்தை முதல்லயே சொல்லிடறேன். ஜாக்கி, வண்டியைத் தூக்குறதுக்கான கருவி. தூக்கின வண்டியைத் தாங்கிக்கிட்டே நிக்கிறதுக்கான கருவி இல்லை. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்த இடத்துலதான் கையும் காலும் போயிருக்கு, உயிரும் போயிருக்கு. அந்த வித்தியாசம் எப்படி மறந்துபோச்சுங்கறதுதான் இன்னைக்குக் கதை. முக்கியமா அமெரிக்காவுல ஒரு நாற்பது வருஷம் ஓடின பம்பர் ஜாக்கியோட கதை.

ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர்

ஜாக்கிக்கு முன்னாடி ஸ்டெப்னி. இந்தச் சொல் நமக்கு ரொம்பப் பழக்கம். இங்கிலீஷ் சொல்னு நினைச்சு இங்கிலாந்துலயோ அமெரிக்காவுலயோ போய்ச் சொன்னா பெரும்பாலும் புரியாது. அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் இருக்கும் ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவில் இரும்புச் சாமான் வியாபாரம் செய்த தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904ல் ஒரு மாற்றுச் சக்கரத்தைக் கொண்டு வந்தார்கள். தெருப் பெயரே பொருளுக்கும் பெயராகி, கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டது. பிரேசிலில் ஸ்பேர் டயரைக் குறிக்கும் சொல்லும் இதே ஸ்டெப்னியிலிருந்து வந்ததுதான்.

அப்படி என்ன அவசரத் தேவை அந்தச் சக்கரத்துக்கு? அந்தக் காலத்துக் கார்களில் சக்கரம் பெரும்பாலும் கழற்றி மாட்டும்படி இருக்காது. மரக்கால் வைத்த சக்கரம் அச்சிலேயே நிலையாக இருக்கும். பஞ்சர் ஆனால், சக்கரத்தை அங்கேயே வைத்துக்கொண்டு டயரை இரும்பு லிவரால் நெம்பி, டியூபை உருவி, ஒட்டுப்போட்டு, திரும்பத் திணித்து, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். குதிரை வண்டிகளோடு கார்கள் சேர்ந்து ஓடிய காலம் அது. லாடத்திலிருந்து கழன்ற ஆணிகள் ரோடு முழுக்கக் கிடக்கும். ஒரே பயணத்தில் பல தடவை பஞ்சர் ஆவது சாதாரணம்.

டேவிஸ் சகோதரர்கள் செய்தது, ஆரக்கால் இல்லாத ஒரு வெறும் வளையம். அதில் காற்றடித்த டயர் தயாராக இருக்கும். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதை வைத்து, பிடிப்பான்களால் முடுக்கிவிட்டு, ஊர் போய்ச் சேரலாம். பிறகு 1910ஐ ஒட்டிய வருஷங்களில் சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறை பரவியது. இந்த இடத்துலதான் நம்ம கதை உண்மையில தொடங்குது. சக்கரத்தையே கழற்றணும்னா, வண்டியைத் தரையிலிருந்து தூக்கி, மூணு சக்கரத்துல நிக்க வைக்கணும். அதுவும் ரோட்டோரத்துல, மெக்கானிக் இல்லாம, வண்டிக்காரரே.

திருகு ஜாக்கியின் நல்ல குணம்

ஜாக்கி காருக்கு முன்பே உலகத்தில் இருந்தது. திருகாணி ஜாக்கியை வண்டிகளுக்கும் கட்டட வேலைக்கும் ரயில் வேலைக்கும் பயன்படுத்தினார்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கையடக்க ஜாக்கிக்கு நியூயார்க்கைச் சேர்ந்த ரிச்சர்ட் டட்ஜியன் 1851லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

திருகு ஜாக்கியிடம் ஒரு குணம் உண்டு. மரையின் சாய்வு ரொம்பக் குறைவு. அதனால் மேலிருந்து எவ்வளவு எடை அழுத்தினாலும், உராய்வு பிடித்துக்கொள்ளும். திருகு தானாகத் திரும்பி இறங்காது. இதற்கு நாம் கொடுக்கும் விலை உழைப்பு. இப்படித் தானே பூட்டிக்கொள்ளும் திருகில், நாம் போடும் உழைப்பில் பாதிக்கு மேல் உராய்வுக்கே போய்விடும். "என்னடா, சுத்திக்கிட்டே இருக்கோம், வண்டி ஏறவே மாட்டேங்குது"ன்னு சலிச்சுக்கிறோமே, அந்தச் சலிப்புதான் நம்மைக் காப்பாத்துற விஷயம். எண்ணெய் ஜாக்கியில் இந்தக் காப்பு கிடையாது. அங்கே எடையைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வால்வும் ரப்பர் வளையங்களும்தான். அது பழசாகி ஓரமாகக் கசிய ஆரம்பித்தால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வண்டி இறங்கிக்கொண்டே இருக்கும்.

திருகு ஜாக்கியில் ஒரு தொல்லை இருந்தது. அதை அச்சுக்கு அடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதாவது சேற்றில், மழைத்தண்ணீரில் மண்டியிட்டு, சில நேரம் படுத்து, கையை உள்ளே நீட்ட வேண்டும். உடம்பு முழுக்க அழுக்கு. இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் பம்பர் ஜாக்கி வந்தது.

நின்றபடியே காரைத் தூக்கலாம்

1930களின் பிற்பகுதியிலிருந்து 1970கள் வரை, பெரும்பாலான அமெரிக்கக் கார்களின் டிக்கியில் இருந்தது இந்தப் பம்பர் ஜாக்கி. அமைப்பு ரொம்ப எளிது. கீழே ஒரு சின்ன இரும்புத் தட்டு. அதன்மேல் இடுப்புயர இரும்புக் கம்பம், அதில் வரிசையாகப் பற்கள். கம்பத்தில் ஏறி இறங்கும் ஒரு பெட்டி, அதில் ஒரு கொக்கி. கொக்கியைக் காரின் குரோம் பம்பருக்கு அடியில் மாட்டிவிட்டு, கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால், பெட்டி ஒவ்வொரு பல்லாக ஏறும். காரும் கூடவே ஏறும். அந்தக் கைப்பிடியேதான் வீல் நட்டைக் கழற்றும் ஸ்பேனர். அதன் இன்னொரு முனை, வீல் கப்பை நெம்பி எடுக்கும் தட்டையான முனை. குனிய வேண்டாம், படுக்க வேண்டாம், சட்டை அழுக்காகாது.

யோசிச்சுப் பார்த்தா, எவ்வளவு நல்ல வசதி! ஆனா அந்த வசதிக்காக எதை விட்டுக்கொடுத்தாங்கன்னு பாருங்க.

முதலாவது, உயரம். அச்சுக்கு அடியில் ஜாக்கி வைத்தால், சில அங்குலம் தூக்கினாலே சக்கரம் தரையை விட்டுவிடும். பம்பரைப் பிடித்துத் தூக்கும்போது, முதலில் உடல் மட்டும்தான் ஏறும். ஸ்பிரிங் விரிந்து விரிந்து சக்கரம் தரையிலேயே நிற்கும். ஸ்பிரிங் முழுக்கத் தொங்கிய பிறகுதான் சக்கரம் கிளம்பும். அதற்குள் காரின் ஒரு மூலை கோணலாக வானத்தைப் பார்த்து நிற்கும்.

இரண்டாவது, தூரம். பம்பர் சக்கரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி, காரின் கடைசி முனையில் இருக்கிறது. 1959 கேடிலாக் காரின் நீளம் கிட்டத்தட்ட 5.7 மீட்டர். எடை இரண்டு டன்னுக்கு மேல். அதன் ஒரு மூலையை, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தட்டின் மேல் நிற்கும் ஒற்றைக் கம்பம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கார் ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ நகர்ந்தால் போதும், கம்பம் சாயும். சாய்ந்த கம்பத்தால் எதையும் பிடிக்க முடியாது. வெயிலில் இளகிய தார் ரோட்டில் தட்டு ஒரு பக்கமாக அமுங்கும். சரளை மண்ணில் வழுக்கும்.

மூன்றாவது, கைப்பிடி. பல் ஏறும் ஜாக்கியில் ஒரு சின்ன லிவரைத் திருப்பினால் இறங்கும் நிலைக்குப் போகும். அந்த நிலையில் ஒவ்வொரு பல்லுக்கும் காரின் எடை கைப்பிடியைத் தள்ளும். கை நழுவினால், கைப்பிடி முழு வேகத்தில் மேலே எகிறும். அங்கே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவரின் தாடைதான் இருக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த, 1905லிருந்து விற்பனையில் இருக்கும் ஹை-லிஃப்ட் ஜாக்கியை இன்றும் காட்டுவழிப் பயணக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். கைப்பிடியின் பாதையில் தலையை வைக்காதே என்பதுதான் அதைப் பழகுபவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

திருகு ஜாக்கி மெதுவாக இருந்து நம்மைக் காத்தது. பம்பர் ஜாக்கி வேகத்தையும் வசதியையும் கொடுத்து, அந்தக் காவலை எடுத்துவிட்டது.

கியரில் நிற்கும் கார் எப்படி உருளும்?

இப்ப ஒரு கேள்வி. காரை கியரில் போட்டாச்சு, இல்லன்னா ஆட்டோமேட்டிக் வண்டியில 'பார்க்' போட்டாச்சு. இனிமே கார் நகராதுதானே? பல பேர் அப்படித்தான் நம்பினாங்க. ஜாக்கியிலிருந்து கார் விழுந்ததற்கு இந்த நம்பிக்கை ஒரு முக்கியக் காரணம்.

'பார்க்' போட்டால் பூட்டப்படுவது சக்கரம் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு. அந்தத் தண்டுக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற அனுமதிப்பது அதன் வேலை. தண்டு பூட்டியிருந்தாலும், ஒரு சக்கரம் முன்னோக்கிச் சுற்றினால் மற்றது பின்னோக்கிச் சுற்றலாம். டிஃபரன்ஷியல் அதைத் தடுக்காது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்வரை இது நடக்காது. ஒன்றைத் தூக்கிய கணத்தில், அந்தரத்தில் இருப்பது தாராளமாகப் பின்னோக்கிச் சுற்றும்; தரையில் இருப்பது முன்னோக்கி உருளும். அதாவது, பின்சக்கரத்தால் ஓடிய அந்த அமெரிக்கக் கார்களில், பின்டயரை மாற்றத் தூக்கிய அந்த நொடியே 'பார்க்' வேலை செய்வதை நிறுத்திவிடும். கார் பிடிமானமாக இருக்கிறது என்று வண்டிக்காரர் நம்பிக்கொண்டிருப்பார். லேசான சரிவு போதும்.

இது பழைய கதைன்னு நினைச்சுடாதீங்க. இன்னைக்கு நாம ஓட்டுற சின்னக் கார்கள்ல பெரும்பாலானவை முன்சக்கரத்தால ஓடுறவை. அங்க முன்டயரைத் தூக்கும்போது இதே விஷயம் நடக்கும். அப்ப வண்டியைப் பிடிச்சுக்கிட்டு இருக்குறது பின்சக்கரத்துல இருக்குற ஹேண்ட் பிரேக்கும், நீங்க வைக்கிற கல்லும்தான். நம்ம லாரி டிரைவர்கள் வண்டி நின்ன உடனே கல்லைத் தேடி ஓடுறாங்களே, அது வெறும் பழக்கம் இல்லை. கியரை நம்பக்கூடாதுங்கறது அனுபவத்துல வந்த அறிவு.

வேறு வழிகளும் இருந்தன

பம்பர் ஜாக்கி காலத்திலேயே மாற்று யோசனைகளும் இருந்தன. 1930களில் சில பிரிட்டிஷ் கார்களில் ஜாக்கால் என்ற ஏற்பாடு இருந்தது. ஜாக்கிகள் காருக்கு அடியிலேயே நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். எண்ணெய் அழுத்தத்தில் அவை கீழே இறங்கி வண்டியைத் தூக்கும்.

இன்னும் அழகானது, 1955ல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோவென் டி.எஸ். அந்தக் காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெயும் வாயுவும். ஒரு லிவரைத் தள்ளினால் கார் தானாகவே உயரும். உயர்ந்ததும், பக்கவாட்டில் ஒரு இரும்புத் தாங்கியை வைக்க வேண்டும். பிறகு லிவரை எதிர்ப்பக்கம் தள்ளினால், கார் தாங்கியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். சக்கரங்கள் தாமாகவே மேலே மடங்கும். கவனிச்சீங்களா? தூக்கினது கார். தாங்கினது தாங்கி. ரெண்டு வேலையும் ரெண்டு பேர்கிட்ட. வொர்க்ஷாப்பில் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி வைப்பதும் இதே தத்துவம்தான்.

ஸ்டாண்டாவது முழுக்கப் பத்திரமா என்றால், அதற்கும் பராமரிப்பும் சோதனையும் வேண்டும். 2020ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவி விற்பனை நிறுவனம் சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பல்லைப் பிடிக்கும் கொண்டி போதிய ஆழத்துக்குப் பதியாமல் நழுவக்கூடும் என்பதே குறை. சொல்லப்பட்ட காரணம், தொழிற்சாலையின் அச்சுக் கருவிகள் தேய்ந்து பழசாகியிருந்தன.

பம்பர் மாறியது, ஆபத்து இடம் மாறியது

பம்பர் ஜாக்கி மறைந்ததற்கு பம்பர் மாறியதும் ஒரு பெரிய காரணம். 1973 மாடல் கார்களிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்னால் மோதினாலும் விளக்கு போன்ற பாகங்கள் சேதமாகக் கூடாது என்று அமெரிக்க அரசு விதி போட்டது. பம்பர்களைப் பெரிதாக்கி, அதிர்ச்சி தாங்கிகளின் மேல் பொருத்தினார்கள். 1982ல் அந்த வேகம் 2.5 மைலாகக் குறைக்கப்பட்டது. பிறகு குரோம் இரும்பு போய் பிளாஸ்டிக் உறை வந்தது. பிளாஸ்டிக்கில் கொக்கி மாட்டி இரண்டு டன்னைத் தூக்க முடியாது. அப்படித்தான், கத்தரி ஜாக்கி என்று சொல்லும் இன்றைய மடங்கும் ஜாக்கி எல்லா இடத்துக்கும் வந்தது. அதன் உள்ளே இருப்பது பழைய திருகாணிதான். கார் கதவுக்குக் கீழே, பலப்படுத்தப்பட்ட இடத்தில் அதை வைக்க வேண்டும்.

ஆனால் பழைய கார்களில் அந்த இடமே ஆபத்தாக மாறியது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில், பக்கவாட்டுப் படிக்கு அடியில் ஜாக்கியைச் செருக ஒரு துளை உண்டு. உப்புக் காற்றிலும் மழையிலும் இருந்த கார்களில் அந்தப் பகுதி உள்ளுக்குள் துருப்பிடித்திருக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஜாக்கியைச் செருகித் தூக்கினால், ஜாக்கி ஏறும், கார் ஏறாது. தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். அதனால்தான் பழைய கார் ஆர்வலர்கள் பலர் அசல் ஜாக்கியைக் கண்காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வேலைக்கு வேறு ஜாக்கியை எடுக்கிறார்கள்.

ஜாக்கி சரியாக இருந்தாலும், ரோடு இருக்கிறது

இதுவரைக்கும் ஜாக்கியைப் பேசினோம். இன்னொரு பாதி, அது நிக்கிற இடம். 1956ல் அமெரிக்கா 41,000 மைல் நெடுஞ்சாலை வலைக்குச் சட்டம் போட்டது. பிரிட்டனின் முதல் மோட்டார்வே 1958ல் பிரெஸ்டனில் திறக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு சுமார் 28 மீட்டர். கிராமத்து ரோட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து டயர் மாற்றிய பழக்கம், இந்த ரோட்டில் உயிருக்கே உலை வைத்தது. குறிப்பாக, போக்குவரத்துப் பக்கம் இருக்கும் டயர். அதை மாற்றுபவரின் முதுகு ரோட்டுக்கு நேராக இருக்கும்.

பாதுகாப்பு விதிகள் மெதுவாகத்தான் வந்தன. பழுதாகி நிற்கும் வண்டியைப் பின்னால் வருபவருக்கு உணர்த்தும் ஏற்பாடு வேண்டும் என்பதை 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சொன்னது. ஓரத்தில் அவசர ஊர்தி நின்றால் பக்கத்துத் தடத்துக்கு விலகிப் போக வேண்டும் என்ற சட்டத்தை 1996ல் தென் கரோலினா கொண்டுவந்தது. 2012க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் அது வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டங்கள் முதலில் காத்தது போலீஸ், ஆம்புலன்ஸ், மீட்பு வண்டிக்காரர்களை. டயர் மாற்றும் சாதாரண ஆள் பல மாநிலங்களில் அந்தப் பட்டியலில் பின்னால்தான் சேர்ந்தார். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் நேரடியாகவே சொல்கிறது: மோட்டார்வேயில் வண்டி நின்றால் சின்ன ரிப்பேரைக்கூட நீங்களே செய்ய முயலாதீர்கள், இறங்கி ரோட்டைவிட்டு விலகி நில்லுங்கள்.

டயர் மாற்றத் தெரிந்தவன்தான் சரியான வண்டிக்காரன் என்று ஒரு காலம் சொன்னது. எங்கே மாற்றக்கூடாது என்று தெரிந்தவன்தான் என்று இந்தக் காலம் சொல்கிறது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் டியூப்லெஸ் டயர். 1955 வாக்கில் அமெரிக்கப் புதுக் கார்களில் அது வழக்கமாகிவிட்டது. ஆணி குத்தினாலும் காற்று சட்டென்று போகாது. ஆணியே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். பாதுகாப்பான இடம் வரை போக நேரம் கிடைக்கும். டயர் மாற்றும்போது நடக்கும் விபத்தைக் குறைக்கச் சிறந்த வழி, அந்த இடத்தில் டயரை மாற்ற வேண்டிய தேவையையே குறைப்பதுதான். இந்தியாவிலும் 2020ல் விதி திருத்தப்பட்டது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால், 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை.

நம்ம ரோட்டுக்கு வந்தால்

நம்ம ஊர்ல லாரி நின்னா, பின்னாடி மரக்கிளையை ஒடிச்சுப் போடுவாங்க, கல்லை வரிசையா வைப்பாங்க. பகல்ல அது வேலை செய்யும். ராத்திரியில கிளை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. பிரதிபலிக்கிற முக்கோணம்தான் அனுப்பும். இன்னொண்ணு, வேலை முடிஞ்சதும் வண்டி கிளம்பிடும், கல்லு ரோட்டுலயே கிடக்கும். அது அடுத்து வர்ற பைக்காரருக்கு வைக்கப்பட்ட கண்ணி. மத்தவங்களுக்கு ஆபத்தா வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாதுன்னு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 122ஆவது பிரிவு சொல்லுது. கிளம்பும்போது கல்லை எடுத்துப்போடறதும் அதே பொறுப்போட இன்னொரு பாதிதான்.

அப்ப என்ன செய்யலாம்? காத்து போன டயரோட மெதுவா உருட்டிக்கிட்டே, சமதளமான, ரோட்டைவிட்டு விலகின இடத்துக்குப் போங்க. டயரும் ரிம்மும் வீணானா பணம்தான் போகும். தேசிய நெடுஞ்சாலையா இருந்தா 1033க்குக் கூப்பிடுங்க. நீங்களே மாத்தித்தான் ஆகணும்னா, எல்லாரையும் இறக்கி, ரோட்டைவிட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்கப்போற சக்கரத்துக்கு மூலைவிட்டமா எதிர்ல இருக்குற சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு கொடுங்க. நட்டை வண்டி தரையில இருக்கும்போதே லேசா தளர்த்திடுங்க. தூக்கின பிறகு பலமா இழுத்தா அந்த இழுப்பே வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிடும். மண் தரையா இருந்தா ஜாக்கிக்கு அடியில பலகை வைங்க. ஸ்டெப்னியை முதல்ல காருக்கு அடியில, ஜாக்கிக்குப் பக்கத்துல படுக்க வைங்க. ஜாக்கி நழுவினாலும் கார் அதுமேல உட்காரும், உங்க கைமேல உட்காராது. பழைய சக்கரத்தைக் கழட்டினதும் அதை உள்ள தள்ளிட்டு, ஸ்டெப்னியை வெளியில எடுங்க. எந்தக் காரணத்துக்காகவும் தலையையோ உடம்பையோ காருக்கு அடியில விடாதீங்க.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. வீட்டு வாசல்ல, பகல் வெளிச்சத்துல, டிக்கியைத் திறந்து ஜாக்கியை வெளியில எடுங்க. மரை தேஞ்சிருக்கா, துருப்பிடிச்சிருக்கா, கைப்பிடி சரியா மாட்டுதா, ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாருங்க. நடுராத்திரி பைபாஸ்ல நின்னுக்கிட்டுத் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இல்லை இது.

அடுத்த எபிசோடில் இன்னொரு கதையோடு சந்திப்போம். பத்திரமா போயிட்டு வாங்க.